இரட்டித்துக்கொண்டே போனால் ஜெயித்துவிடலாமா? ரூலெட் சக்கரத்தின் கணக்கு

"தோற்றால் அடுத்த முறை இரண்டு மடங்காக வை. அதுவும் போனால் அதற்கும் இரண்டு மடங்கு. தோற்றுக்கொண்டேவா இருப்பாய்? ஒருதடவை விழுந்தால் போதும், விட்ட காசு மொத்தமும் திரும்பி, மேலே ஒரு நூறு ரூபாய் கையில் நிற்கும்."

இந்த யோசனைக்கு வயது இருநூறைத் தாண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சின் சூதாடிகள் இதை மார்ட்டிங்கேல் என்றார்கள். இன்றைக்கு ஓசூரில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் பையன்களின் டெலிகிராமில் அதுவே "ஏழு லெவல் ஃபண்டு மெயின்டெயின் பண்ணுங்க" என்று வருகிறது; தொடர்ந்து ஏழு பந்தயம் இரட்டித்து வைக்கும் அளவுக்குக் காசு கையில் இருக்கட்டும் என்று பொருள். தருமபுரியில் போட்டித் தேர்வுக்கு வகுப்பெடுப்பது என் பிழைப்பு. நிகழ்தகவு நடத்தும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து எப்படியும் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் கணக்கில் மக்குகள் அல்ல. சொல்லப்போனால் கூட்டல் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் சீக்கிரம் மயங்குகிறார்கள். 100, 200, 400 மூன்றும் போய் 800-ல் விழுந்தால் விட்டது 700, வந்தது 800, லாபம் 100. கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் இத்தனை காலமாக இந்த யோசனை சாகாமல் இருக்கிறது.

முதலில் சக்கரம். ஐரோப்பிய ரூலெட் தட்டின் ஓரத்தில் 37 குழிகள்; 0 முதல் 36 வரை எண்கள். 1 முதல் 36 வரை உள்ளவற்றில் 18 சிவப்பு, 18 கறுப்பு. 0 மட்டும் பச்சை. தட்டை ஒரு பக்கம் சுழற்றிவிட்டு, எதிர்ப்பக்கமாக ஒரு சின்ன வெள்ளை உருண்டையை ஓட்டிவிடுவார்கள். அது எந்தக் குழியில் போய் உட்காருகிறதோ அந்த எண், அந்த நிறம். கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களுக்கு நம் பக்கத்திலிருந்து டூர் போய்வந்தவர்கள் நேரிலேயே பார்த்திருப்பார்கள்.

ஒரு தனி எண்ணில் 100 ரூபாய் வைத்து அது விழுந்தால் 35 மடங்கு தருவார்கள். வைத்த நூறும் திரும்பும். ஆக மொத்தம் 3,600 ரூபாய். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. இப்போது 37 எண்களிலும் தலா நூறு வைத்துவிடுங்கள். செலவு 3,700. எந்த எண் விழுந்தாலும் கைக்கு வருவது 3,600. எது விழும் என்று யோசிக்கவே வேண்டாம். 100 ரூபாய் போயே தீரும். 3,700-க்கு 100 என்றால் 2.70 சதவீதம். இதுதான் மேசைக்காரரின் பங்கு.

சிவப்பு, கறுப்பு பந்தயத்திலும் இதே கதைதான். சிவப்பில் நூறு வைத்தால், விழுந்தால் இருநூறாகத் திரும்பும். 37 ஆட்டத்தில் சராசரியாக 18 தடவை சிவப்பு. 18 இருநூறுகள், அதே 3,600. ஒற்றைப்படை, இரட்டைப்படை, பன்னிரண்டு எண்கள் கொண்ட டஜன் என்று மேசையில் வரைந்திருக்கும் எந்தக் கட்டத்தில் வைத்தாலும் 37-க்கு 36 என்ற இந்த விகிதம் மாறாது. அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று இன்னொரு பச்சைக் குழி உண்டு. குழி 38 ஆகிறது, கொடுக்கும் காசு அதேதான். அதனால் பங்கு 5.26 சதவீதமாக ஏறிவிடுகிறது. ஒரே ஒரு குழியில் வித்தியாசம் ஏறக்குறைய இரட்டை!

இந்த 2.70 சதவீதத்தை மனதில் வைத்துக்கொண்டு இரட்டிக்கும் வித்தைக்கு வருவோம்.

சிவப்பில் வைக்கிறவர் ஒரு ஆட்டத்தில் தோற்கும் வாய்ப்பு 19/37. கறுப்பு 18, பச்சை 1. பாதியைவிடச் சற்றே அதிகம், 51.35 சதவீதம். தொடர்ந்து பத்து முறை தோற்கும் வாய்ப்பு என்ன? 19/37-ஐ பத்து முறை தன்னாலேயே பெருக்க வேண்டும். கிடைப்பது 0.001275. அதாவது 784-க்கு ஒன்று. "சார், 784-ல ஒண்ணுதானே, அது எனக்கா வரப்போகுது?" என்று கேட்கத் தோன்றும். கேட்கவும் செய்கிறார்கள்.

அந்த ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள். 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400, 12,800, 25,600, 51,200. பத்தும் போனால் மொத்தம் 1,02,300 ரூபாய். எதற்காக? நூறு ரூபாய்க்காக. பத்தாவது ஆட்டத்தில் ஜெயித்திருந்தாலும் லாபம் அதே நூறுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 51,200 ரூபாயை மேசையில் வைத்து, கை நடுங்க உருண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எதிர்பார்க்கும் நிகர லாபம் 100 ரூபாய்.

இப்போது 784 சுற்று ஆடியதாக வைத்துக்கொள்வோம். ஜெயிக்கும்வரை அல்லது பத்தும் தோற்கும்வரை ஆடுவது ஒரு சுற்று. சராசரியாக 783 சுற்றில் தலா நூறு ரூபாய் லாபம், 78,300. ஒரு சுற்றில் நஷ்டம் 1,02,300. கழித்தால் 24,000 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும். 784-ஐ முழு எண்ணாக்காமல் துல்லியமாகப் போட்டால், ஒரு சுற்றுக்குச் சராசரி நஷ்டம் 30 ரூபாய் 56 காசு. 784 சுற்று வரை யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் 100 சுற்று ஆடினாலே, அதற்குள் அந்தப் பத்துத் தோல்வித் தொடர் வந்துவிடும் வாய்ப்பு 12 சதவீதம். 500 சுற்றுக்கு 47 சதவீதம், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி.

இதற்கு மேல் மேசையில் உச்சவரம்பு ஒன்று இருக்கும். குறைந்தது 100, அதிகபட்சம் 10,000 என்று ஒரு மேசை வைத்திருப்பதாகக் கொள்வோம். எட்டாவது பந்தயம் 12,800, வைக்க விடமாட்டார்கள். ஏழு தோல்வியோடு கதை முடிந்தது, 12,700 ரூபாய் காலி. ஏழு தொடர் தோல்வி 106 சுற்றுக்கு ஒருமுறை வரும். உச்சவரம்பு வைப்பதே இரட்டிப்பவர்களைப் பார்த்துப் பயந்துதான் என்று ஒரு பேச்சு உண்டு. பயப்பட மேசைக்காரர்களுக்கு என்ன இருக்கிறது? வரம்பே இல்லாவிட்டாலும் கணக்கு அவர்கள் பக்கம்தான். வரம்பு இருந்தால் சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான்.

காகிதத்தில் எழுதிக் காட்டினால் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். அதனால் வகுப்பில் புளியங்கொட்டை ஆட்டம் ஒன்று வைப்பேன். எங்கள் மாவட்டத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு எவர்சில்வர் சொம்பில் 37 துண்டுச் சீட்டு. 18-ல் சிவப்பு மையில் ஒரு கோடு, 18-ல் கறுப்புக் கோடு, ஒன்று வெறும் சீட்டு. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். ஆளுக்கு 63 கொட்டை. சிவப்பில்தான் வைக்க வேண்டும். 1, 2, 4, 8, 16, 32 என்று ஆறு லெவல். 20 கொட்டை லாபம் சேர்ந்ததும் எழுந்துவிடலாம். ஆறும் தொடர்ந்து போய்விட்டால் அவுட்.

ஆரம்பத்தில் கலகலப்பாக இருக்கும். ஒவ்வொரு கொட்டையாகச் சேரும். பென்னாகரத்திலிருந்து வருகிற பெண் ஒருத்தி, பன்னிரண்டு கொட்டை லாபத்தில் இருந்தவள், ஐந்து முறை தொடர்ந்து தோற்றாள். 31 போய்விட்டது. விதிப்படி அடுத்து 32 வைக்க வேண்டும். கொட்டைகளை எட்டெட்டாகப் பிரித்து நான்கு குவியலாக அடுக்கினாள். சீட்டை எடுக்கக் கை போகவில்லை. "சார், 32 வச்சு ஜெயிச்சாலும் இந்தச் சுத்துல ஒரு கொட்டைதானே லாபம்? தோத்தா 63 போயிடும். இது என்ன சார் பந்தயம்?" என்றாள். புளியங்கொட்டைக்கே இந்தத் தயக்கம். அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒன்றிலிருந்து படிப்படியாக ஏறி வந்ததால்தான் அந்த 32 ஒரு மாதிரி நியாயமாகத் தெரிகிறது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, "32 கொட்டை வை, பாதிக்கும் குறைவான வாய்ப்பு" என்று சொல்லியிருந்தால் ஒருத்தரும் வைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கொட்டை ஆட்டத்தின் கணக்கு: ஒரு சுற்றில் ஆறும் தோற்கும் வாய்ப்பு 1.83 சதவீதம், ஏறக்குறைய 55-க்கு ஒன்று. இருபது சுற்றுக்குள் அது ஒருமுறையாவது நடக்கும் வாய்ப்பு 31 சதவீதம். இருபது பேர் ஆடினால், சராசரியாக 14 பேர் தலா இருபது கொட்டை லாபத்தோடு எழுவார்கள், மொத்தம் 280. ஆறு பேர் அவுட் ஆவார்கள். அதுவரை சேர்த்த சில்லறை லாபத்தைக் கழித்தாலும் ஆளுக்கு ஐம்பதுக்கு மேல் போயிருக்கும், மொத்தம் 320 போல. ஒரு நாள் வகுப்பில் இது கூடும், குறையும். கவனிக்க வேண்டியது வேறு: இருபதில் 14 பேர் ஜெயித்திருக்கிறார்கள்! அவர்களிடம் போய்க் கேட்டால் "வித்தை வேலை செய்யுது சார்" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. டெலிகிராமில் லாப ஸ்க்ரீன்ஷாட் போடுபவர்களிலும் இப்படி உண்மையாகவே ஜெயித்தவர்கள் இருப்பார்கள். தோற்ற ஆறு பேர் ஸ்க்ரீன்ஷாட் போடுவதில்லை.

அடுத்து, எல்லாரும் இடறும் இடம். "பத்துத் தோல்வி தொடர்ந்து வருவது அபூர்வம், ஏற்கனவே ஒன்பது வந்துவிட்டது, அப்படியானால் பத்தாவதில் ஜெயிப்பது கிட்டத்தட்ட உறுதி." முதல் வாக்கியம் சரி, இரண்டாவதும் சரி, மூன்றாவது தப்பு. 784-க்கு ஒன்று என்பது ஆட்டம் தொடங்கும் முன் சொல்லும் வாய்ப்பு. ஒன்பது தோற்று முடித்தவர் அந்த அபூர்வத்தின் பெரும்பகுதியை ஏற்கனவே கடந்து வந்துவிட்டார். அவர் முன் மிச்சமிருப்பது ஒரே ஒரு சுழற்சி. அதில் தோற்கும் வாய்ப்பு வழக்கம்போல 19/37. உருண்டைக்குப் போன ஆட்டம் எதுவும் தெரியாது.

1913 ஆகஸ்ட் 18 அன்று மாண்டே கார்லோ கேசினோவில் ஒரு மேசையில் கறுப்பே வந்துகொண்டிருந்தது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று போகப் போகக் கூட்டம் சேர்ந்து, இனிமேல் சிவப்புதான் என்று பணத்தைக் கொட்டியது. தொடர்ந்து 26 முறை கறுப்பு. குறிப்பிட்ட ஒரு சுழற்சியில் தொடங்கி இப்படி 26 கறுப்பு வரும் வாய்ப்பு சுமார் 13.7 கோடியில் ஒன்று. ஆனால் அன்று இருபத்தைந்தாவது கறுப்பு விழுந்து முடிந்த கணத்தில், இருபத்தாறாவதும் கறுப்பாக வரும் வாய்ப்பு 18/37. முதல் ஆட்டத்தில் எவ்வளவோ அவ்வளவே.

"ஆனா சார், போகப் போக பாதிக்குப் பாதி ஆகிடும்னு புத்தகத்துல இருக்கே? அப்ப சிவப்பு வந்து ஈடு கட்டத்தானே வேணும்?" நல்ல கேள்வி. எளிமைக்காக 0 இல்லாத சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் பத்தும் கறுப்பு. அதற்குப் பிறகு ஆயிரம் ஆட்டம், எந்த ஈடும் கட்டாமல் சரியாக 500 சிவப்பு, 500 கறுப்பு. மொத்தம் 1,010-ல் கறுப்பு 510. அது 50.5 சதவீதம். விகிதம் பாதியை நெருங்கிவிட்டது. பத்துக் கறுப்பு அதிகமாக இருப்பது அப்படியே இருக்கிறது. பழைய கடனை யாரும் அடைக்கவில்லை. பின்னால் வந்த கூட்டத்தில் அது கரைந்துபோனது. பெரிய எண்களின் விதி என்று பாடப் புத்தகம் சொல்வது இவ்வளவுதான்.

சரி, இரட்டிப்பது ஆகவில்லை. வேறு ஏதாவது புத்திசாலித்தனமான வரிசை இருக்கக்கூடாதா? இருநூறு வருடமாகத் தேடியிருக்கிறார்கள்.

பிரெஞ்சுக் கணித மேதை டாலம்பேரின் பெயரில் ஒன்று இருக்கிறது. தோற்றால் பந்தயத்தில் ஒன்று கூட்டு, ஜெயித்தால் ஒன்று குறை. இரட்டிப்பதைவிட மெதுவாக ஏறும், அதனால் பாதுகாப்பாகத் தோன்றும். டாலம்பேர் இயக்கவியலில் பெரிய ஆள்தான். ஆனால் 1754-ல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒருமுறையாவது தலை விழும் வாய்ப்பு 2/3 என்றார். பத்தாம் வகுப்பு மாணவருக்குத் தெரியும், அது 3/4. ஃபிபொனாச்சி முறையும் உண்டு: 1, 1, 2, 3, 5, 8, 13 என்ற வரிசையில் தோற்றால் ஒரு படி முன்னே, ஜெயித்தால் இரண்டு படி பின்னே. அழகான வரிசை, அதே கதி.

இவற்றில் மிகக் கவர்ச்சியானது பிரிட்டிஷ் அரசியல்வாதி ஹென்றி லபூஷேரின் பெயரில் வழங்கும் முறை. ஒரு தாளில் 1, 2, 3, 4 என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி, 5, அதைப் பந்தயமாக வையுங்கள். ஜெயித்தால் அந்த இரண்டு எண்ணையும் அடித்துவிடுங்கள். தோற்றால், தோற்ற 5-ஐ வரிசையின் கடைசியில் சேர்த்து எழுதுங்கள். எல்லா எண்ணும் அடிபட்டால் லாபம் சரியாக 10. ஜெயித்தால் இரண்டு எண் குறைகிறது, தோற்றால் ஒன்றுதான் கூடுகிறது. ஆகவே மூன்றில் ஒரு ஆட்டத்துக்குச் சற்று மேல் ஜெயித்தாலே வரிசை தீர்ந்துவிடும். நமக்கோ ஜெயிக்கும் வாய்ப்பு 48.65 சதவீதம். அப்புறம் என்ன கவலை?

வரிசையில் எத்தனை எண் என்பதைத்தான் இந்த வாதம் எண்ணுகிறது. ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு பெரியது என்பதை எண்ணவில்லை. தொடக்கத்திலேயே ஐந்து தோற்றால் பந்தயங்கள் 5, 6, 7, 8, 9. 35 போய்விட்டது, வரிசையில் ஒன்பது எண். அடுத்து ஒரு நல்ல காலம் வந்து சில எண் அடிபடும், மறுபடி ஒரு கெட்ட காலம் வரும். அப்போது ஓரத்தில் நிற்பவை பெரிய எண்கள், அவற்றைக் கூட்டி வைக்கும் பந்தயம் இன்னும் பெரிது. பத்து ரூபாய்க்குத் தொடங்கிய தாளில் நூற்றுக்கணக்கில் எண்கள் நிற்பது இந்த முறையில் சாதாரணம். பெரும்பாலான தாள்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். எப்போதாவது ஒன்று தீராமல் வளர்ந்து அதுவரை வந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போகும்.

ஒவ்வொரு முறையாக எடுத்து மறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு காரணம் இருக்கிறது. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு லோடு கொண்டுபோன விவசாயிக்கு இது உடனே பிடிபடும். மண்டியில் நூற்றுக்கு இவ்வளவு கமிஷன் என்று இருக்கிறது. காலையில் பத்துப் பெட்டி இறக்கி, விலை பார்த்து, அப்புறம் நாற்பது பெட்டி இறக்கலாம். ஐம்பதையும் ஒரேயடியாக இறக்கலாம். முதலில் சின்ன லாட், அப்புறம் இரட்டை, அதற்கு இரட்டை என்றும் இறக்கலாம். விற்ற மொத்தத் தொகை எவ்வளவோ அதற்குத்தான் கமிஷன். இறக்கிய வரிசைக்குக் கமிஷன் குறையாது.

ரூலெட்டிலும் வைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சராசரி நஷ்டம் 1/37 ரூபாய். அடுத்த பந்தயத்தை எவ்வளவு வைப்பது என்று பழைய முடிவுகளைப் பார்த்துத் தீர்மானிக்கலாம், ஜாதகம் பார்த்தும் தீர்மானிக்கலாம். எப்படித் தீர்மானித்தாலும், தீர்மானித்த தொகைக்கு அடுத்த சுழற்சி அதே 1/37-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். சராசரிகளுக்கு ஒரு நல்ல குணம், அவற்றை அப்படியே கூட்டலாம். ஆக மொத்தச் சராசரி நஷ்டம், மேசையில் வைத்த மொத்தத் தொகையில் 37-ல் ஒரு பங்கு. பத்து லெவல் இரட்டிப்புக்கு இதைச் சோதித்துப் பாருங்கள். நூறு ரூபாய் லாபத்துக்கான ஒரு சுற்றில், சராசரியாக மேசையில் வைக்கப்படும் மொத்தத் தொகை ஏறக்குறைய 1,131 ரூபாய். அதை 37-ஆல் வகுத்தால் 30 ரூபாய் 56 காசு. மேலே 784 சுற்றுக் கணக்கில் வேறு வழியில் வந்த அதே தொகை.

எண்ணிறந்த பணமும் எண்ணிறந்த நேரமும் இருந்து, மேசையில் வரம்பும் இல்லையென்றால் இரட்டிப்பது நிச்சயம் ஜெயிக்கும். கணிதம் அதை ஒப்புக்கொள்கிறது. முடிவில்லாத பணம் வைத்திருப்பவருக்கு அந்த நூறு ரூபாய் எதற்கு என்பது கணிதத்தின் கேள்வி அல்ல.

முறைகளால் ஒன்றுமே மாறுவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. நஷ்டத்தின் சராசரி விகிதம் மாறாது. லாப நஷ்டம் எந்த வடிவத்தில் வரும் என்பது மாறும். இரட்டிப்பது அடிக்கடி சின்ன லாபம், எப்போதாவது பேரிடி என்ற வடிவத்தைத் தருகிறது. இதை வைத்து ஒரு விசித்திரமான கேள்வி கேட்கலாம். ஒருவரிடம் 10,000 ரூபாய் இருக்கிறது. விடிவதற்குள் அதை 20,000 ஆக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் போனாலும் பரவாயில்லை. ரூலெட் தவிர வேறு வழியில்லை. எப்படி ஆடுவது நல்லது?

நிதானமாக, நூறு நூறாக வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று வகுப்பில் பெரும்பாலோர் சொல்வார்கள். கணக்கு தலைகீழாக இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே முறை சிவப்பில் வைத்தால் இலக்கை அடையும் வாய்ப்பு 48.65 சதவீதம். ஆயிரம் ஆயிரமாக வைத்தால் 36.8 சதவீதம். நூறு நூறாக வைத்தால் 0.45 சதவீதம், அதாவது 224-க்கு ஒன்று! சின்னச் சின்னதாக வைக்கும்போது ஆட்டங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது, மேசையில் புரளும் மொத்தத் தொகை பெருகுகிறது, ஒவ்வொரு புரளலிலும் 37-ல் ஒரு பங்கு உதிர்கிறது. பாதகமான ஆட்டத்தில் துணிந்து ஒரேயடியாக வைப்பதே மேல் என்பதை லெஸ்டர் டுபின்ஸ், லியோனார்ட் சாவேஜ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1965-ல் முறையாக நிறுவினார்கள். அப்போதும் வாய்ப்பு பாதிக்குக் கீழேதான்.

ரூலெட்டில் கெட்டிக்காரத்தனமாக ஜெயித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்கள் பந்தய வரிசையில் கைவைக்கவில்லை, சக்கரத்தைக் கவனித்தார்கள். கணிதவியலாளர் எட்வர்ட் தார்ப், தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் இருவரும் சேர்ந்து உடம்பில் மறைத்துக் கட்டிக்கொள்ளும் ஒரு சிறு கணினியைச் செய்தார்கள். உருண்டையின் வேகத்தைக் கால் விரலால் அழுத்தும் பொத்தானால் பதிவுசெய்து, எந்தப் பகுதியில் விழும் என்று காதில் ஒலியாகக் கேட்கும் ஏற்பாடு. 1961-ல் லாஸ் வேகாஸில் சோதித்தும் பார்த்தார்கள். 1990-களில் ஸ்பெயினின் கார்சியா பெலாயோ, மாட்ரிட் கேசினோவில் ஆயிரக்கணக்கான முடிவுகளைக் குறித்துவைத்து, தேய்மானத்தால் சில எண்கள் அதிகம் விழும் சக்கரங்களைக் கண்டுபிடித்து ஆடினார். இரண்டிலும் 1/37 என்ற வாய்ப்பே மாறுகிறது. அது மாறினால்தான் கணக்கு மாறும். பிரான்சில் சில மேசைகளில் 0 விழுந்தால் சிவப்பு, கறுப்புப் பந்தயத்தில் பாதிக் காசைத் திருப்பித் தரும் விதி உண்டு. அங்கே மேசையின் பங்கு 1.35 சதவீதமாகக் குறைகிறது. ஆடுபவரின் எந்த முறையாலும் வராத குறைப்பு, மேசையின் ஒரு விதியால் வந்துவிடுகிறது.

செல்போனில் வரும் சிவப்பு, பச்சை நிற ஆட்டங்களுக்கு இந்த அளவு கணக்கும் பொருந்தாது. அங்கே குழிகளை எண்ணிப் பார்க்க நம் கண்முன்னால் சக்கரம் இல்லை. யார் எதில் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பது முடிவை அறிவிக்கும் சர்வருக்கு முன்கூட்டியே தெரியும். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இவற்றைத் தடை செய்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

"அப்ப சார், பண்டிகையில போடுற லங்கர் கட்டை?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். அதையும் போட்டுப் பார்த்துவிடலாம். துணியில் ஆறு படம்: இதயம், டைமன், கிளாவர், இஸ்பேடு, கிரீடம், நங்கூரம். அதே ஆறு படங்கள் முகங்களில் உள்ள மூன்று கட்டையை டப்பாவில் குலுக்கிக் கவிழ்க்கும் வகையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் வைத்த படம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு மடங்கு லாபம், இரண்டில் விழுந்தால் இரண்டு மடங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று மடங்கு. ஆறு படம், மூன்று கட்டை. பாதிக்குப் பாதி போலத் தோன்றும். கட்டைகள் விழக்கூடிய விதங்கள் 6×6×6, 216. உங்கள் படம் ஒன்றிலும் வராதவை 5×5×5, 125. ஒன்றில் மட்டும் வருபவை 75, இரண்டில் 15, மூன்றிலும் 1. நூறு ரூபாய் வைத்து 216 முறை ஆடினால், சராசரியாக 12,500 போகும். 7,500-உம் 3,000-உம் 300-உம் சேர்ந்து 10,800 வரும். 21,600 ரூபாய் வைத்ததற்கு 1,700 நஷ்டம், 7.87 சதவீதம். ரூலெட்டைப்போல மூன்று மடங்கு நெருங்கிவிட்டது. இரட்டித்துப் பார்க்கலாம் என்றால், ஒரு ஆட்டத்தில் தோற்கும் வாய்ப்பே இங்கே 57.9 சதவீதம். ஆறும் தொடர்ந்து போவது ரூலெட்டில் 55 சுற்றுக்கு ஒருமுறை என்றால், துணி விரித்த இடத்தில் 27 சுற்றுக்கு ஒருமுறை.